ஐப்பசி வரை பொறுங்கள்

தென்காசி மாவட்டத்தில் மரம் நடும் இளைஞர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வைகாசி பிறந்ததும் உங்கள் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஜூன் 5 அன்று ஆயிரம் மரக்கன்று நடும் விழா என்கிறது ஒன்று. குற்றாலத்து மலையடிவாரத்தில் விதைப்பந்து வீசப் போகிறோம், வேன் ஏற்பாடு உண்டு என்கிறது இன்னொன்று. ஆவணியில் குளத்துக்கரைகளில் பனை விதை ஊன்ற இப்போதே பெயர் கேட்கிறது மற்றொன்று. கல்லூரியில் படிப்பவர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், பீடி சுற்றும் வீடுகளின் பெண்பிள்ளைகள், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒரு தொகை அனுப்புகிறவர்கள் என்று உங்கள் குழுக்களில் எல்லாரும் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு மண்வெட்டியோடு கிளம்புகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. திருநெல்வேலி–தென்காசி சாலையை நால்வழியாக்க ஓரத்து மரங்களைச் சாய்த்தபோது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் வலித்தது. அந்த வலியை வேலையாக மாற்றியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

மரம் நட நல்ல மனசு வேண்டும். அது உங்களிடம் நிறைய இருக்கிறது. நட்டது நிற்க வேண்டுமானால் பருவம் பார்க்க வேண்டும், மண் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து நடவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் தோற்கின்றன. கரையோரங்களில் நிற்கும் பச்சை நிறக் கம்பிக் கூண்டுகளைப் பாருங்கள். நன்கொடையாளர் பெயர் எழுதிய தகடு அப்படியே இருக்கும், உள்ளே காய்ந்த குச்சி இருக்கும். அதைத் தந்தவரும் நல்லவர், நட்டவரும் நல்லவர்.

முதலில் மழையைப் பற்றிப் பேச வேண்டும். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் மாவட்டத்தின் மேற்கு ஓரமும் கிழக்குப் பகுதியும் ஒரே மழையைக் குடிப்பவை அல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்த பிறகு, மலையின் முகட்டைத் தாண்டியும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் இந்தப் பக்கம் வருகிறது. அதில் மிச்சமிருக்கும் ஈரம்தான் குற்றாலத்துச் சாரல். செங்கோட்டை, குற்றாலம், இலஞ்சி, தென்காசி வரை அந்தத் தூறல் விழுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, மாவட்டம் முழுக்க மழைக்காலம் வந்துவிட்டதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாம் அப்படி நினைக்கலாமா? சுரண்டையைத் தாண்டி ஆலங்குளம் பக்கமோ, வடகிழக்கே சங்கரன்கோவில் பக்கமோ போய்ப் பாருங்கள். அங்கே அதே ஜூனில் வருவது ஈரம் போன காற்று. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அது மண்ணிலிருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். காற்றாலைக்காரர்கள் கணவாய்க்கு நேர் கிழக்கே இடம் தேடி வந்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம். அந்தப் பகுதிக் குளங்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில்.

இப்போது ஜூன் 5-க்கு வருவோம். 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டை நினைவூட்டும் உலகச் சுற்றுச்சூழல் நாள் அது. 1973 முதல் உலகமெங்கும் கொண்டாடப்படுகிறது. ஸ்டாக்ஹோமுக்கு அது நல்ல பருவம். கேரளத்துக்கும் அது மழை தொடங்கும் வாரம். செங்கோட்டையில் நட்டால்கூடப் பிழைக்கும். ஆனால் சங்கரன்கோவிலில், குருவிகுளத்தில், ஆலங்குளத்தில் அன்று நடுகிற ஒன்றரை அடிக் கன்று, வேர் மண்ணைப் பிடிக்கும் முன்பே நான்கு மாதக் காற்றையும் வெயிலையும் தாங்க வேண்டும். நாளைக் கொண்டாடுவதில் தவறில்லை. அந்த நாளிலேயே குழி தோண்டியாக வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர், 5 நாளுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கன்றுக்கு ஒரு சுற்றுக்கு 10,000 லிட்டர். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை 150 நாள், 30 சுற்று, மொத்தம் 3 லட்சம் லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் என்றால் 60 நடை. இது ஒரு கோடைக்கு மட்டும். ஜூனில் நட்டால் நட்ட மறுவாரமே இந்தச் செலவு தொடங்கிவிடும். ஐப்பசியில் நட்டால் முதல் மூன்று மாதம் மழையும் பனியும் பார்த்துக்கொள்ளும், அதற்குள் வேர் கொஞ்சம் இறங்கிவிடும். விழாவுக்கு முந்தின நாள் ஃபிளெக்ஸ் அச்சடிக்கக் கொடுக்கும்போது, அந்த 60 நடைக்கு யார் பணம் தருவார், யார் வண்டியோடு போவார் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்த எண்ணிக்கை எதுவோ அதுதான் நீங்கள் நட வேண்டிய எண்ணிக்கை. அது ஆயிரமாக இல்லாமல் எழுபதாக இருக்கலாம். எழுபது நடுங்கள்.

விதைப்பந்துக்கும் இதே பருவக் கணக்கு உண்டு. களிமண்ணும் மட்கிய உரமும் சேர்த்து உருட்டி உள்ளே விதை வைக்கும் இந்த முறையை உலகுக்குப் பரவலாக அறிமுகம் செய்தவர் ஜப்பானிய இயற்கை உழவர் மசானபு ஃபுகுவோகா. அவர் தன் நிலத்தை வருடக்கணக்காகக் கவனித்து, எந்த விதையை எந்த வாரத்தில் தூவினால் எது முளைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர். நம்மிடம் பந்து மட்டும் வந்து சேர்ந்தது, அந்தக் கவனிப்பு வரவில்லை. பள்ளிகளில் மாசி, பங்குனியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பந்து உருட்டி, நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டி, ஜூனில் வீசுகிறோம். உள்ளே பெரும்பாலும் வேம்பும் நாவலும் புங்கனும்.

வேப்பம்பழம் நம் பக்கம் உதிர்வது ஆனி, ஆடியில். நாவற்பழமும் ஏறக்குறைய அப்போதுதான். அப்படியானால் மாசியில் உருட்டிய பந்துக்குள் இருப்பது போன வருடத்து விதை. வேப்பங்கொட்டை சாதாரணமாகப் போட்டுவைத்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துகொண்டே வரும். நாவல் கொட்டை இன்னும் மோசம். ஈரம் உலர்ந்தாலே உயிர் போய்விடும். பலாக்கொட்டையும் அப்படித்தான். இவற்றைப் பந்துக்குள் வைத்துக் காயவைப்பது என்றால், விதையைக் கொன்று அதன் மேல் மண் பூசி வைப்பது என்றே பொருள். கொன்றை, புளி போன்றவை நேர்மாறு. கெட்டித் தோல் விதைகள், வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் வெந்நீரில் போட்டு ஊறவைக்காவிட்டால் பல விதைகள் எளிதில் முளைக்காது. இவ்வளவும் எந்த நாற்றங்கால்காரரிடம் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நூறு பிள்ளைகளின் ஒரு முழு நாள் உழைப்பு வீணாகாமல் இருக்க அந்த ஐந்து நிமிடம் செலவழித்திருக்கலாம்.

எங்கே வீசுகிறோம் என்பதும் இருக்கிறது. குற்றால மலைக்கு நம் பந்து தேவையில்லை. 1830-களில் ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இந்த மலையில் ஏறி இறங்கிச் செடி சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்த தாவரப் படங்களை இன்றும் உலகத்து ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அவ்வளவு வளமான காடு தன் விதையைத் தானே பரப்பிக்கொள்ளத் தெரிந்தது. இருவாச்சி, புறா, மரநாய், குரங்கு எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. சமவெளிப் புங்கனையும் சாலையோரக் கொன்றையையும் அங்கே எறிவது உதவியே இல்லை. தவிர, மலையின் பெரும்பகுதி நெல்லை வனவுயிரினச் சரணாலயம்; கடையம் பக்கம் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் விதைப்பதும் சட்டப்படி குற்றம்.

குரங்கு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அருவிக்கரையில் வண்டியை நிறுத்தி சிப்ஸ் பாக்கெட்டையும் பிஸ்கட்டையும் பிரித்துக் கொடுப்பவர்கள் எல்லாரும் இரக்கத்தில்தான் கொடுக்கிறார்கள். காட்டில் அத்திப்பழம் தின்று விதையைப் பத்து இடத்தில் போட வேண்டிய குரங்கு, அந்த இரக்கத்தால் நாள் முழுக்கத் தார்ச்சாலையில் உட்கார்ந்திருக்கிறது. பையைப் பிடுங்கக் கற்றுக்கொள்கிறது, அடி வாங்குகிறது, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. கொடுத்தவர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். காரியத்தின் விளைவு வருவதற்குள் நல்ல மனசுக்காரர் இடத்தை விட்டுப் போய்விடுவது, இதிலும் மரநடவிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

படித்தவர்கள், நிபுணர்கள் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கண்மாய்களையும் குளங்களையும் நிரப்பி நிற்கும் சீமைக்கருவேலத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் ஆட்சியில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கும் முக்கால் நூற்றாண்டு முன்பே அது வந்துவிட்டது. 1876-இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி கர்னல் பெடோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற இந்த மரத்தின் விதையைத் தருவித்துத் தர வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்து 1877-இல் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. ஏழைகளுக்கு விறகு, வெற்று நிலத்துக்குப் பசுமை. நோக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. தென்னிந்தியாவின் பெரணிகளையும் காட்டு மரங்களையும் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். நம் திருநெல்வேலி மலைகளையும் நன்றாக அறிந்தவர். இந்த மண்ணின் செடிகளை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் சிலர்தான்.

அவர் கேட்ட மரம் அவர் கேட்டதைச் செய்தது. எந்த வறட்சியிலும் நின்றது, விறகும் கரியும் கொடுத்தது. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இன்றும் அதுதான் சோறு. அவர் கேட்காததையும் அது செய்தது. இனிப்பான நெற்றை ஆடும் மாடும் தின்று, விதை சாணத்தோடு குளத்துக்குள் விழுந்து, உள்வாய் முழுக்கப் புதராகி, மேய்ச்சலும் போய், வேறு செடி எழும்ப இடமும் இல்லாமல் போயிற்று. நட்ட பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று யாராவது அளந்து பார்த்திருந்தால், தொடக்கத்திலேயே தடுத்திருக்கலாம். அளக்கும் வேலையை யாருக்கும் ஒப்படைக்கவில்லை.

பிறகு அதை ஒழிக்கக் கிளம்பியதும் நல்ல மனசோடுதான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்ததும் தென் மாவட்டமெங்கும் ஜே.சி.பி.யும் அரிவாளும் இறங்கின. சில மாதங்களில் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டியவர்களின் ஆர்வத்தைப் பார்த்து அப்போது நானும் மகிழ்ந்தேன். ஆனால் தரையோடு வெட்டிவிட்டு வேரை விட்டால் சீமைக்கருவேலம் அடுத்த மழையில் பல கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும், அந்த இடத்தில் வேறு ஒன்றை நட்டுக் காக்காவிட்டால், மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் விதை முளைக்கும். வெட்டிய இடங்களில் எத்தனை இடத்தில் இன்று நாட்டுக்கருவேலமும் மருதும் நிற்கின்றன, எத்தனை இடத்தில் பழைய முள்ளே திரும்பி நிற்கிறது என்று உங்கள் ஊர்க் குளத்திலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் விட்டு ஊர் வந்த மரம் எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. குற்றாலத்துக் கடைகளில் விற்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும், மலைத்தோட்டத்துக் கிராம்பும் கடல் தாண்டி வந்தவைதான். தோட்டக்காரன் வைத்த இடத்தில் அவை நிற்கின்றன, காட்டை விழுங்கவில்லை. எது நிற்கும், எது விழுங்கும் என்று விசாரித்துவிட்டு நடுங்கள் என்கிறேன். நர்சரியில் மலிவாக, சீக்கிரம் பச்சை காட்டுகிறது என்று கோனோகார்பஸ் என்ற அயல் மரத்தை வாங்கி நட்ட ஊர்கள் எத்தனை! குஜராத் 2023-இல் அதை நடத் தடை விதித்தது. பின்னர் தமிழ்நாடு அரசும் தடை செய்துவிட்டது. முதுமலைக் காட்டில் மஞ்சள் பூவுக்காக ஒரு காலத்தில் வைத்த அயல் கொன்றையை இன்று வனத்துறை செலவு செய்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்ற அரசு தனிக் கொள்கையே வகுக்க வேண்டி வந்தது.

பனைக்கு வருகிறேன். உங்கள் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் மண்ணின் மரம், மாநில மரம், நன்றாக ஊன்றிவிட்டால் தண்ணீர் கேட்காத மரம். 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை கொடுக்கப் போவதாக அரசு அறிவித்த பிறகு, உங்களைப் போன்ற குழுக்களுக்கு விதை கிடைப்பதும் எளிதானது. பனையின் பருவமும் நமக்குத் தோதானது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், ஊன்றியதும் ஐப்பசி மழை வரும்.

ஆனால் பனை, பொறுமையைச் சோதிக்கிற மரம். விதை முதலில் கீழே போகும். மண்ணுக்குள் கிழங்கு வைத்து, முதல் குருத்தோலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். அதுவரை கரையில் எதுவும் தெரியாது. அந்த மாதங்களில்தான் நூறு நாள் வேலையில் கரை செதுக்க ஆள் வருவார்கள், பொங்கலுக்குக் கிழங்கு தேடி யாராவது கிளறுவார்கள், மண் எடுக்க இயந்திரம் ஏறும். இங்கே விதை இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விதை ஊன்றிய குழு ஒரு கல்கூட அடையாளம் நட்டிருக்காது. வெளியே வந்த குருத்தை ஆடு கடிக்கும். பாளை விட 12 முதல் 20 வருடம் ஆகும். அப்போதுதான் ஆண் பனை எது, பெண் பனை எது என்றே தெரியும். இன்று இருபது வயதில் விதை ஊன்றுகிற தம்பி, நுங்கு வெட்டும்போது நாற்பதை நெருங்கியிருப்பான். ஐயாயிரம் விதை ஒரே நாளில் ஊன்றினோம் என்ற செய்தி மறுநாள் பேப்பரில் வரும். அந்த ஐயாயிரத்தில் குருத்து விட்டது எத்தனை என்று அடுத்த வருடம் ஒரு செய்தி வந்து நான் படித்ததில்லை.

செய்யும் விதத்தில் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கரையின் வெளிச்சரிவுப் பக்கம் ஊன்றுங்கள், பத்தடி இடைவெளி விடுங்கள். மடைக்கும் மறுகாலுக்கும் பக்கத்தில் வேண்டாம், பின்னால் அவற்றைப் பழுது பார்க்க வரும்போது முதலில் போவது உங்கள் பனையாகத்தான் இருக்கும். நீர்வளத்துறைக்கும் ஊராட்சிக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கரையில் ஆடு மேய்ப்பவரைப் போய்ப் பாருங்கள். உங்களைவிட அவர்தான் அந்தக் கரையில் அதிக நேரம் இருப்பவர். மேய்ச்சல் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டு ஆட்டைத் திட்டுவதைவிட, எங்கே நட்டால் அவருக்கு இடைஞ்சல் இல்லை என்று அவரிடமே கேட்பது நல்லது. அவர் மனசு வைத்தால் பாதிக் கன்று தப்பித்துவிடும்.

இன்னொன்றும் அவரே சொல்லுவார். சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கத்துப் புல் தரிசுகளை வெறும் நிலம் என்று நினைத்து மரம் நட்டு நிரப்பக் கிளம்பாதீர்கள். மரம் இல்லாததால்தான் அது கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் வீடு. மழை பெய்ததும் ஆட்டுக்குப் புல். மரம் இல்லாத இடமெல்லாம் நோயில் கிடக்கும் நிலம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

நட்டதைக் கணக்குப் பார்க்கச் சொன்னால் சிலருக்கு மனம் சுருங்கும். சேவைக்கு எதற்குக் கணக்கு என்பார்கள். பக்கத்து இலங்கையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, கரையைக் காக்கக் கண்டல் காடு வேண்டும் என்று அங்கே எத்தனையோ அமைப்புகள் ஓடி ஓடி நட்டன. அழுத கண்ணீர் காயாத நேரம் அது. அந்த எண்ணத்தின் தூய்மையை யாரும் சந்தேகிக்க முடியாது. பிறகு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய் எண்ணிப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு என்று மூன்றே மூன்று. நட்ட பிறகு தொடர்ந்து பராமரித்த இடங்களில் பிழைத்தவை கூடுதல் என்றும் அவர்கள் கண்டார்கள். யாரோ போய் எண்ணியதால்தான் நமக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது.

நம் மாநிலத்திலேயே கற்றுக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. வால்பாறையில் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோரின் குழு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளை இருபது வருடத்துக்கும் மேலாக மீட்டு வருகிறது. அவர்கள் முதலில் கன்றைக் கையில் எடுப்பதில்லை. எந்த இடத்தில் காடு தானாகத் துளிர்க்கும், எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். உண்ணிச்செடிப் புதரை அகற்றுகிறார்கள். அந்தக் காட்டின் விதையையே சேகரித்து நாற்றங்காலில் வளர்த்து மழை தொடங்கும்போது நடுகிறார்கள். பிறகு எண்ணுகிறார்கள். எது பிழைத்தது, எது போயிற்று என்று வெளியிடவும் செய்கிறார்கள். அவர்கள் வருடத்துக்கு மீட்கும் பரப்பு உங்கள் அழைப்பிதழ்களில் இருக்கும் எண்ணிக்கைகளுக்கு முன்னால் சிறியதாகத் தெரியும். அந்தக் காடு அங்கே நிற்கிறது.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022-இல் அரசு இயக்கம் தொடங்கிய பிறகு கன்றுக்கும் பஞ்சமில்லை, மேடைக்கும் பஞ்சமில்லை. கொடுப்பவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். லட்சம் என்றால் மகிழ்வார்கள். இதை மறுத்துச் சொல்ல இளைஞர்களால் முடியும். எங்களுக்கு இருநூறு போதும், மிச்சத்துக்குத் தண்ணீர் டேங்கர் கொடுங்கள் என்று ஒரு குழு கேட்டுப் பார்க்கட்டும். ஒரு தெருவுக்கு ஐந்து கன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப் பொறுப்பு, அந்த வீட்டு அக்காவின் கைபேசி எண் குழுவின் நோட்டில். நம் ஊர்ப் பெண்கள் வாசல் தெளிக்கிற தண்ணீரில் ஒரு குடம் வேப்பங்கன்றுக்கும் போகும். மூன்று கோடை தாண்டிய பிறகு விழா வையுங்கள். அப்போது அந்த வீட்டுக்காரர்களை மேடையில் ஏற்றுங்கள்.

இந்த வருடம் ஜூன் 5-க்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். கன்று வாங்காதீர்கள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நீங்கள் நட்ட இடங்களுக்கு ஒரு நோட்டோடு போங்கள். நின்றது எத்தனை, காய்ந்தது எத்தனை, காய்ந்ததற்கு என்ன காரணம் என்று எழுதுங்கள். எந்த மரம் எந்த மண்ணில் தாங்கியது என்று குறியுங்கள். நிற்பவற்றுக்கு அன்று தண்ணீர் ஊற்றுங்கள், வரப்புக் கட்டுங்கள், கூண்டு சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். அந்த எண்ணிக்கையை, நடவன்று போட்ட அதே வாட்ஸாப் குழுவில் மறைக்காமல் போடுங்கள். குறைவாக இருந்தால் யாரும் உங்களை ஏளனம் செய்யமாட்டார்கள். அப்படிச் செய்கிறவர் இருந்தால், அவர் கையில் ஒரு குடத்தைக் கொடுத்துக் கரைக்குக் கூட்டிப் போங்கள். நோட்டில் இருக்கும் அந்த விவரம்தான் ஐப்பசியில் எதை, எங்கே, எத்தனை நட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும்.

ஐப்பசியில் எந்தக் கரையில் நடவு என்று எனக்கும் சொல்லி அனுப்புங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் என் பெயரையும் ஒரு கிழமைக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
தென்காசி